‘நாம்’ என்பதில் சேரி உண்டா? – முழுச் சமூகப் பாதுகாப்பு குறித்து

(மாணவர்களும் இளைஞர்களும் கூடிய கருத்தரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு ‘தேசப் பாதுகாப்பில் முழுச் சமூகத்தின் பங்கு’. தலைப்பைக் கேட்டதும் ஒரு தோழர் சிரித்தார். “நமக்கு எதுக்குங்க இது? பட்டாளத்துக்காரனும் டெல்லிக்காரனும் பேசுற விஷயமாச்சே” என்றார். இது நம்ம விஷயம்தான் என்று சொல்லத்தான் இங்கே வந்து நிற்கிறேன். நான் வங்கியில் எழுத்தர் வேலை பார்க்கிறவன். கவிதையும் எழுதுகிறேன். பணம் யார் கைக்குப் போகிறது என்று பார்ப்பது என் பிழைப்பு. சொல்லைச் சந்தேகப்படுவது என் பழக்கம். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு பேசப் பார்க்கிறேன்.

முதலில் இந்தக் கருத்து என்னவென்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஒரு நாட்டை ராணுவம் மட்டும் காப்பாற்றிவிட முடியாது. போர் வந்தாலும், புயல் வந்தாலும், கொள்ளைநோய் வந்தாலும், மின்சாரம் நின்றாலும் மொத்தச் சமூகமும் தயாராக இருக்க வேண்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதில் ஒரு வேலை உண்டு என்பதுதான் அது. சிங்கப்பூர் 1984இல் இதை அரசின் கொள்கையாகவே அறிவித்தது. அங்குள்ள தமிழர்கள் இதை ‘முழுமைத் தற்காப்பு’ என்கிறார்கள். ராணுவம், குடிமை, பொருளாதாரம், சமூகம், உளவியல் என்று ஐந்து தூண்கள். 2019இல் மின்னிலக்கம் ஆறாவது தூணாகச் சேர்ந்தது. சுவீடன் 2018இலும் மறுபடி 2024 நவம்பரிலும் நெருக்கடியோ போரோ வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு சிறு நூலை அச்சடித்து வீட்டுக்கு வீடு அனுப்பியது. எவ்வளவு தண்ணீர் பிடித்து வைப்பது, எந்த வானொலியைக் கேட்பது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. 2015 மார்ச்சில் சப்பானின் செண்டாய் நகரில் உலக நாடுகள் கூடிப் பேரிடர் குறித்து ஒரு சட்டகம் வகுத்தார்கள். 2030 வரைக்குமான சட்டகம் அது. பேரிடர் அபாயத்தைக் குறைப்பதில் முழுச் சமூகமும் பங்கேற்க வேண்டும் என்பதை வழிகாட்டும் கோட்பாடுகளில் ஒன்றாகவே அதில் எழுதியிருக்கிறார்கள். இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்ட நாடு. 2025 மே 7ஆம் தேதி நாடெங்கும் 244 குடிமைப் பாதுகாப்பு மாவட்டங்களில் ஒத்திகை நடத்தச் சொல்லி ஒன்றிய அரசு உத்தரவிட்டது. நம் பக்கம் சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் சங்கு ஊதி ஒத்திகை பார்த்தார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம்ம ஊரில் இதற்கு ரொம்ப நாளாகவே ஒரு பழமொழி இருக்கிறது: ஊர் கூடித் தேர் இழு. எந்தப் பொதுக்காரியம் என்றாலும் மேடையில் இதைத்தான் சொல்வார்கள். சரி, அந்தத் தேரைக் கொஞ்சம் பார்ப்போம். சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் சொர்ணமூர்த்தீசுவரர் கோயில் தேர். நான்கு வடம், நான்கு நாட்டார்களுக்கு வட உரிமை. நாங்களும் வடம் பிடிக்க வேண்டும் என்று 1998இல் தலித் மக்கள் கேட்டார்கள். என்ன நடந்தது? நீதிமன்றம், போலீஸ், பேச்சுவார்த்தை, மறுபடி நீதிமன்றம். பல ஆண்டுகள் தேர் நிலையிலேயே நின்றது. 2024 சூனில்தான், நீதிமன்றத் தலையீட்டுக்குப் பிறகு, பெரும் போலீஸ் காவலோடு அது ஓடியது. ஊர் கூடித் தேர் இழு என்ற பழமொழியில் ‘ஊர்’ என்பது சேரியைச் சேர்க்காத சொல் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? சேரியும் வந்து கை வைக்கும் என்றால் தேரே ஓட வேண்டாம் என்று இருந்தவர்கள் அவர்கள். தேரை விடுங்க. அணை உடைகிறபோதும் இதே மனநிலை இருந்தால் என்ன ஆகும்?

தமிழில் ஒரு வசதி இருக்கிறது. பக்கத்து மொழிகள் சிலவற்றிலும் உண்டு, ஆங்கிலத்தில் இல்லை. ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. ‘நாம்’ என்றால் கேட்கிறவனும் உள்ளே. ‘நாங்கள்’ என்றால் கேட்கிறவன் வெளியே. அரசாங்கத்தின் அறிவிப்புகளை எடுத்துப் பாருங்கள். ஆபத்து நேரத்தில் எல்லாம் ‘நாம்’தான். நாம் ஒன்றுபடுவோம், நாம் காப்போம், நாம் மீண்டெழுவோம். ஆபத்து முடிந்து கணக்குப் பார்க்கும்போது ‘நாம்’ சத்தமில்லாமல் ‘நாங்கள்’ ஆகிவிடும். நாங்கள் கமிட்டி போட்டிருக்கிறோம், நாங்கள் பட்டியல் எடுத்திருக்கிறோம், உங்கள் பேர் அதில் இல்லை. இன்றைக்கு என் பேச்சு இந்த ஒரு விஷயத்தைப் பற்றியதுதான். உழைப்புக்கும் உயிருக்கும் நம்மை ‘நாம்’ என்று அழைக்கிற இந்தச் சமூகம், முடிவெடுக்கிற இடத்திலும் பங்கு பிரிக்கிற இடத்திலும் நம்மை ‘நாங்க’ளுக்கு வெளியே நிறுத்துகிறது. அப்படி நிறுத்துகிற சமூகத்துக்குப் பாதுகாப்பு என்று ஒன்று இருக்க முடியாது.

இது புதுக் கதை இல்லை. பட்டாளத்திலிருந்தே தொடங்குவோம். 1818 சனவரி 1 பீமா கோரேகான் போரைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரியும். கம்பெனிப் படையில் மகர்கள் இருந்தார்கள். அங்கிருக்கிற நினைவுத்தூணில் அவர்கள் பெயர்கள் இருக்கின்றன. 1927 சனவரி 1ஆம் தேதி பாபாசாகேப் அங்கே போனார். ‘வெள்ளைக்காரனுக்குச் சண்டை போட்டதில் என்ன பெருமை’ என்று கேட்கிறவர்கள், பேஷ்வா ஆட்சியில் அந்த மக்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். இங்கே சென்னை ராணுவத்தில் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் பிரிவில் பறையர்கள் கணிசமாக இருந்தார்கள். பாலம் கட்டுவது, பாதை போடுவது, சுரங்கம் வைப்பது என்று படை முன்னேற வழி செய்கிற வேலை அது. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதார். அம்பேத்கர் 1891இல் பிறந்ததே மாவ் ராணுவக் குடியிருப்பில்தான்.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ‘வீர இனங்கள்’ என்று ஒரு கோட்பாட்டை வெள்ளை அதிகாரிகள் கொண்டுவந்தார்கள். சில சாதிகளுக்குத்தான் வீரம் இரத்தத்தில் ஓடுகிறதாம். மனுவின் ஆட்களுக்கு அதைவிட இனிப்பான செய்தி உண்டா? 1890களின் தொடக்கத்தில் மகர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. ஓய்வுபெற்ற படைவீரர் கோபால் பாபா வலங்கர் அதை எதிர்த்து மனு எழுதினார். கதவு திறக்கவில்லை. முதல் உலகப் போர் வந்தது, ஆள் பற்றாக்குறை. 1917இல் 111ஆவது மகர் படை உண்டாக்கப்பட்டது. போர் முடிந்தது, 1921இல் கலைத்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போர் வந்தது. 1941இல் மகர் ரெஜிமெண்ட். அந்த ஆண்டுதான் அம்பேத்கர் தேசியப் பாதுகாப்புக் குழுவில் இடம்பெற்றார். மகர் படைக்காக அவர் விடாமல் வாதாடினார். அந்த ரெஜிமெண்ட் நிலைத்தது. 1943இல் சமார் ரெஜிமெண்ட் தொடங்கினார்கள். 1946இல் அதையும் கலைத்தார்கள். ஆபத்து வந்தால் கதவைத் திறப்பதும் ஆபத்து போனால் சாத்துவதுமாக இருந்திருக்கிறார்கள்.

அதெல்லாம் வெள்ளைக்காரன் காலம் என்று சொல்லாதீர்கள். குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படை என்று ஒன்று இருக்கிறது. குதிரை மேல் ஈட்டியோடு வருவார்களே, அவர்கள்தான். அதில் ஜாட், ஜாட் சீக்கியர், ராஜ்புத் என்று மூன்று பிரிவினரை மட்டுமே எடுக்கிறோம் என்று 2013இல் ராணுவமே உச்ச நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. கே.ஆர்.நாராயணன் குடியரசுத் தலைவராக இருந்தார், ராம்நாத் கோவிந்த் இருந்தார். இரண்டு தலித்துகள் முப்படைகளுக்கும் தலைவர்களாக இருந்தார்கள். அவர்களைக் காக்கிற படையில் அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு இடம் கிடையாது.

இந்த விஷயத்தில் நம்மவர்கள் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். முழுமைத் தற்காப்புக்குப் பேர்போன சிங்கப்பூரிலேயே 1967இல் கட்டாய தேசிய சேவை வந்தபோது, தொடக்க ஆண்டுகளில் மலாய் இளைஞர்களைப் பெரும்பாலும் அழைக்கவில்லை. அவர்களுடைய விசுவாசத்தில் சந்தேகம். முழுமை என்று பேசுகிற எந்த நாட்டிலும் ‘இவர்களை நம்பலாமா’ என்ற கேள்வி ஒரு சமூகத்தின் மேல் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. சாதியில் அது இன்னும் ஒரு படி மேல். இங்கே நம்மை நம்பாதது ஒரு பக்கம், தொடக்கூடாது என்பது இன்னொரு பக்கம்.

அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசியதைப் படிக்காதவர்கள் கட்டாயம் படியுங்கள். பெற்ற சுதந்திரத்தை இந்தியா மறுபடி இழந்துவிடுமோ என்ற அச்சத்திலிருந்து அவர் பேசுகிறார். சிந்து அரசன் தாகிரின் தளபதிகளே கைக்கூலி வாங்கிக்கொண்டு போரிட மறுத்ததைச் சொல்கிறார். ஆயிரக்கணக்கான சாதிகளாகப் பிரிந்து கிடக்கிற மக்கள் எப்படி ஒரு தேசமாக முடியும் என்று கேட்கிறார். சாதிகள் தேசத்துக்கு விரோதமானவை என்கிறார். அவை மக்களின் வாழ்க்கையைத் தனித்தனியாகப் பிரித்து வைக்கின்றன, பொறாமையையும் வெறுப்பையும் வளர்க்கின்றன என்பது அவர் சொல்லும் காரணம். சாதி ஒழிப்பைப் பற்றி 1936இல் எழுதியபோதே பெரும்பான்மை மக்களிடம் ஆயுதமும் கல்வியும் இல்லாமல் செய்தது வருணமுறை என்று காட்டியவர் அவர். 1951இல் அமைச்சர் பதவியை விட்டு விலகும்போது கொடுத்த அறிக்கையில், ஆண்டு வருவாய் 350 கோடி ரூபாயில் சுமார் 180 கோடியை ராணுவத்துக்கே செலவழிக்கிறோம் என்று கணக்குக் காட்டிக் கண்டித்தார். ஆக, ஒரு தேசத்தின் பாதுகாப்பு எல்லையில் தொடங்குகிறதா, ஊருக்கும் சேரிக்கும் நடுவே இருக்கிற பாதையில் தொடங்குகிறதா என்ற கேள்வியை அவர் அப்போதே கேட்டுவிட்டார். அரசமைப்பின் முகப்புரையில் சகோதரத்துவம் என்ற சொல் தனிமனித மாண்போடும் தேச ஒற்றுமையோடும் சேர்த்து எழுதப்பட்டிருப்பது இதனால்தான்.

இப்போது கடற்கரைக்கு வருவோம். 2004 டிசம்பர் 26. தமிழ்நாட்டில் சுனாமி அதிகமாகக் கொன்றது நாகப்பட்டினம் மாவட்டத்தில். ஆறாயிரத்துக்கும் மேல் சாவு. கடலோர மீனவ மக்கள் பட்ட துயரம் சொல்லி முடியாது. அவர்களை எதிரியாக நிறுத்தி நான் பேசவில்லை. ஆனால் அந்தக் கரையில் தலித்துகளும் இருந்தார்கள். வயலில் கூலி வேலை, உப்பளம், மீன் விற்பது, கழிமுகத்தில் சின்ன வலை போடுவது என்று இருந்தவர்கள். முகாமுக்குள் அவர்களை விடவில்லை, விட்ட இடத்தில் தனியாக உட்காரவைத்தார்கள், தண்ணீர்த் தொட்டியைத் தொட விடவில்லை, நிவாரண லாரி சேரிக்குள் வரவேயில்லை என்று அன்றைக்கே பத்திரிகைகள் எழுதின. மனித உரிமை அமைப்புகள் அறிக்கை வெளியிட்டன. இழப்பை எப்படி அளந்தார்கள் என்பதைப் பாருங்கள். படகு போனதா, எத்தனை? வலை போனதா, எத்தனை? கூலிக்குப் போகிறவனுக்குப் படகு ஏது? கடல்நீர் ஏறி நிலம் உப்பாகிவிட்டது, நிலத்துக்காரனுக்கு ஒரு கணக்கு உண்டு. அந்த நிலத்தில் நாற்று நடுகிற பெண்ணுக்கு வேலை போனது எந்தப் படிவத்திலும் வராது.

பிணங்களை எடுத்தது யார்? பல நகராட்சிகளிலிருந்து துப்புரவுப் பணியாளர்களை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், அருந்ததியர் அதிகம். முகாமில் தொட்டால் தீட்டு என்று சொன்ன அதே கரையில், அழுகிய உடல்களைத் தொடுவதற்கு நம்மவர்களின் கை வேண்டியிருந்தது. பலருக்குக் கையுறைகூட இல்லை. இதைத்தான் நான் உழைப்பில் ‘நாம்’, பங்கில் ‘நாங்கள்’ என்கிறேன்.

சுனாமிக்குப் பிறகு ஒரு சட்டம் வந்தது: பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005. அதில் 61ஆவது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணமும் இழப்பீடும் வழங்கும்போது பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் எதை வைத்தும் பாகுபாடு காட்டக்கூடாது. மாணவத் தோழர்கள் இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பேரிடர்ச் சட்டத்துக்குள் சாதி என்ற சொல் நுழைந்தது சும்மா இல்லை. ஆனால் மீறினால் என்ன தண்டனை என்று அந்தப் பிரிவில் இல்லை. அந்தச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தில் தலைவரைத் தவிர ஏழு பேருக்கு மேல் இருக்க முடியாது. ஆட்சியர் தலைவர், தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி ஒருவர் இணைத்தலைவர், காவல் கண்காணிப்பாளர், மருத்துவ அதிகாரி, மற்ற அதிகாரிகள். தலித் பிரதிநிதி ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. பெண்ணுக்கும் இல்லை. பாகுபாடு கூடாது என்று ஒரு வரி எழுதினார்கள். பாகுபாடு நடக்கிற இடத்தில் தட்டிக் கேட்க ஒரு நாற்காலி போடவில்லை.

என் வேலையிலிருந்து ஒன்று சொல்கிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. அப்போது டெல்டாவில் ஒரு கிளையில் நான் கவுண்டரில் இருந்தேன். தென்னை விழுந்து கிடந்ததை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். இழப்பீடு மரத்துக்கு இவ்வளவு என்று வந்தது, சரி. மரம் யார் பேரில் இருக்கிறதோ அவர் கணக்கில் பணம் ஏறியது. அந்த மரத்தில் ஏறித் தேங்காய் பறிக்கிறவர், மட்டை உரிக்கிறவர், கீற்று முடைகிற பெண்கள் எல்லோரும் வரிசையில் வந்து நின்று “சார், எங்க கணக்குல ஏதாச்சும் ஏறியிருக்கான்னு பாத்துச் சொல்லுங்க” என்றார்கள். தென்னை மறுபடி காய்க்க எத்தனை வருசம் ஆகும்? அத்தனை வருசமும் அவர்களுக்கும்தானே பிழைப்பு இல்லை? பாஸ்புக்கில் அச்சடிக்க ஒன்றும் இருக்காது. சிலருக்கு வந்த சொற்ப நிவாரணத்தையும் பழைய கடன் பாக்கிக்கென்று கணினியே பிடித்துக்கொண்டது. மேலே கேட்டால் ‘சிஸ்டம் அப்படித்தான்’ என்றார்கள். ஒரு பாட்டி என்னைக் கேட்டார்: “புயலு எங்க வூட்டையும்தானே தூக்கிச்சு, அது பட்டா பாத்தா அடிச்சுது?” அந்தக் கேள்விக்கு எந்தப் பொருளாதார நிபுணர் பதில் சொல்வார்?

இந்த இடத்தில்தான் ‘மீள்திறன்’ என்ற சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். அடிபட்டாலும் எழுந்து நிற்கிற திறன் என்று அர்த்தம். ஏழைகளின் மீள்திறனை வியந்து பாராட்டுகிற கட்டுரைகள் நிறைய வருகின்றன. பாராட்டுகிறவர்கள் கவனமாக ஒன்றை விட்டுவிடுகிறார்கள். சேரி ஏன் எப்போதும் பள்ளத்தில் இருக்கிறது? ஏரி வாயில், வாய்க்கால் ஓரத்தில், சுடுகாட்டுப் பக்கத்தில் இருக்கிறது? மேட்டு நிலம் யாரிடம் இருக்கிறது? முதலில் தண்ணீர் வருவதும் கடைசியில் தண்ணீர் வடிவதும் சேரியில்தான் என்றால் அதை இயற்கைப் பேரிடர் என்று எப்படிச் சொல்ல முடியும்? அந்த இடத்தில் நம்மை வைத்தது மழை இல்லை. அப்படி வைத்துவிட்டு, ‘எப்படியும் எழுந்துடுவாங்க’ என்று சொல்வதற்குப் பெயர் பாராட்டு இல்லை.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்கு வாருங்கள். வெளிமாவட்டங்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டு மலைமலையாகக் கிடந்த குப்பையை அள்ளினார்கள். 2020இல் கொரோனா. மார்ச் 22 அன்று நாடே கை தட்டியது, தட்டு தட்டியது. மே 3 அன்று விமானப்படை மருத்துவமனைகள் மேல் பூத் தூவியது. தூய்மைப் பணியாளர்களுக்கு மாலை போட்டுப் பாதபூசை செய்தவர்களும் உண்டு. ‘முன்களப் பணியாளர்’ என்று போர்க்களச் சொல்லால் அழைத்தார்கள். 2025 ஆகஸ்டில் அதே சென்னையில், ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்து, பணி நிரந்தரம் கேட்டு ரிப்பன் மாளிகை முன் உட்கார்ந்தார்கள். பதின்மூன்று நாள். கடைசியில் நள்ளிரவில் போலீசை வைத்து அப்புறப்படுத்தினார்கள். முன்களம் என்று சொன்னீர்களே, முன்களத்தில் நின்றவர்களுக்கு நிரந்தர வேலை ஏன் இல்லை? எந்த ராணுவமாவது முன்வரிசைச் சிப்பாயை ஒப்பந்தக்காரனிடம் குத்தகைக்கு விடுமா? மகர் படையைக் கலைத்த 1921க்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று யோசியுங்கள்.

பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டதும் சேரிக்கு என்ன நினைவு வரும்? 1995இல் கொடியன்குளம். 1999 சூலை 23 தாமிரபரணி, பதினேழு உயிர். 2011 செப்டம்பர் 11 பரமக்குடி. 2012 நவம்பர் 7 தர்மபுரி நத்தம் காலனி. சில இடங்களில் தாக்கியதே காக்கி. சில இடங்களில் வேடிக்கை பார்த்தது. சுவீடன் புத்தகம் தண்ணீர் பிடித்து வையுங்கள் என்கிறது. புதுக்கோட்டை வேங்கைவயலில் பிடித்து வைக்கிற தொட்டியிலேயே மலம் கலந்திருந்தது 2022 டிசம்பரில் தெரியவந்தது. 2025 சனவரியில் அந்தத் தண்ணீரைக் குடித்த பகுதியைச் சேர்ந்த மூன்று பேர் மீதே சிபிசிஐடி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. தலித் இயக்கங்களும் இடதுசாரிகளும் அதை ஏற்க மறுத்தார்கள். குடிநீர்த் தொட்டி ஒரு நாட்டின் உயிர்நாடி, அதைக் காப்பது தேசப் பாதுகாப்பு என்று புத்தகங்களில் எழுதியிருக்கிறது. வேங்கைவயல் தொட்டி அந்தத் தேசத்தில் சேர்ந்ததா இல்லையா?

இவ்வளவும் கேட்ட பிறகு ஒரு மாணவத் தோழர் எழுந்து, “அப்ப இவனுங்க கூப்பிட்டா நாம போகவே கூடாது, இது நம்ம தேசமே இல்ல” என்று சொல்லலாம். காலையில் தேநீர் குடிக்கும்போதே ஒருவர் சொன்னார். ஆப்த மித்ரா என்று ஒரு திட்டம் இருக்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் சோதனையாகத் தொடங்கி, பிறகு 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலர்களைப் பயிற்றுவிப்பது என்று விரிவாக்கியது. இதுபோன்ற பயிற்சிகளுக்கு நம் பிள்ளைகள் பெயர் கொடுக்கலாமா, புறக்கணிக்க வேண்டுமா என்பது அவர் கேள்வி. புறக்கணி என்கிற குரலில் இருக்கிற கோபம் எனக்குப் புரிகிறது. அந்த முடிவு எனக்கு உடன்பாடில்லை.

காரணம் எளிமையானது. வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது நாம். படகு ஓட்டவும், முதலுதவி செய்யவும், எச்சரிக்கையைப் புரிந்துகொள்ளவும் நம் தெருவில் ஆள் இல்லையென்றால், நம்மைத் தூக்க ஊரிலிருந்து வருவார்களா என்று காத்திருக்க வேண்டும். 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தில் ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றியது கடலோர மீனவர்கள். சொந்தப் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். படகும் திறமையும் அவர்கள் கையில் இருந்தது. திறமை நம் கையில் இருந்தால்தான் பேரம் பேச முடியும். மகர் ரெஜிமெண்டுக்காக அம்பேத்கர் வாதாடியதும் இதனால்தான். சிப்பாய் வேலை புனிதமானது என்று நினைத்து அவர் கேட்கவில்லை. பாதுகாப்பு என்ற அதிகாரத்திலிருந்து தன் மக்களை விலக்கி வைத்தால் அவர்கள் நிரந்தரமாக அடுத்தவர் தயவில் கிடப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

ஆகவே போங்கள். ஆனால் பிணம் தூக்க மட்டும் கூப்பிட்டால் போகாதீர்கள். பயிற்சிக்கு, சீருடைக்கு, கமிட்டிக்குப் போங்கள். உள்ளே போய்க் கணக்குக் கேளுங்கள். கோரிக்கைகளாகச் சிலவற்றைச் சொல்கிறேன். மாவட்டப் பேரிடர் ஆணையம் ஆலோசனைக் குழுக்களை அமைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறது. அவற்றில் தலித் பெண்களும் தூய்மைப் பணியாளர்களும் இருக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். இழப்பை மரத்தாலும் படகாலும் பட்டாவாலும் மட்டும் அளக்காமல் இழந்த கூலி நாட்களாலும் அளக்க வேண்டும். நூறு நாள் வேலையின் அட்டைகள் இருக்கின்றன, யார் கூலிக்காரர் என்று அரசுக்குத் தெரியாமல் இல்லை. நிவாரணப் பணத்தைக் கடன் பாக்கிக்குப் பிடிக்கக் கூடாது. பேரிடரில் வேலை வாங்கப்படுகிற தூய்மைப் பணியாளர் அத்தனை பேருக்கும் நிரந்தரப் பணியும் பாதுகாப்புக் கருவியும் வேண்டும். சாக்கடைச் சாவுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இழப்பீடு வாங்கத் தேவையே இல்லாத நிலை வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை. முகாமில் குழாயைத் தொடவிடாமல் தடுத்தால் 61ஆவது பிரிவை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்தில் கிணறு, குளம், குழாய் போன்ற பொது நீர்நிலைகளைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது குற்றம் என்று தெளிவாக இருக்கிறது. அதில் வழக்குப் பதியச் சொல்லுங்கள்.

கடைசியாக, இங்கே வந்திருக்கிற மாணவர்களுக்கு ஒரு வேலை. மழைக்கு முன்னால் அவரவர் சேரியில் உட்கார்ந்து ஒரு வரைபடம் போடுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் முதலில் ஏறும், நடக்க முடியாத பெரியவர்கள் எந்த வீட்டில் இருக்கிறார்கள், கர்ப்பிணிகள் யார், ஊர்த் தெரு வழியாகப் போகாமல் மேட்டுக்குப் போக வழி இருக்கிறதா என்று குறியுங்கள். பக்கத்தில் புயல் பாதுகாப்பு மையமோ பள்ளிக்கூடமோ எது ஒதுக்கப்பட்டிருக்கிறது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். பல இடங்களில் சாவி ஊருக்குள் யாரோ ஒருவர் வீட்டில் தொங்கும். நள்ளிரவில் தண்ணீர் வந்தால் நம் ஆள் அந்த வாசலில் போய் நின்று கூப்பிட வேண்டும். அவர் எழுந்து வந்து திறக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராமசபை நடக்கிறது. அடுத்த கிராமசபையில் அந்த வரைபடத்தை வைத்து, இன்னொரு சாவி சேரியில் இருக்க வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். கூட்டத்தில் சலசலப்பு வரும், “சாவியெல்லாம் எதுக்குப்பா உங்களுக்கு” என்பார்கள். அதை அப்படியே பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். முழுச் சமூகம் என்று அவர்கள் சொன்னது எவ்வளவு முழுசு என்பது அந்தப் பக்கத்தில் இருக்கும்.